சட்டத்துக்குள் கிருஷ்ணர்

என் மகளுக்கு எல்.கே.ஜி. சீட்டு வேண்டும் என்பதற்காகத்தான் நான் ஓவியங்களை நேசிக்க ஆரம்பித்தேன்.

எண்பதுகளின் கடைசி. அஸ்தினாபுரத்தில் நாங்கள் வாடகைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. குரோம்பேட்டையில் எல்லோரும் பிள்ளைகளைச் சேர்க்க ஆசைப்பட்ட ஒரு ஆங்கிலப் பள்ளி இருந்தது. அதன் வாசலில் விடியற்காலையிலேயே போய் நின்றும் என் கணவர் வெறுங்கையோடு திரும்பினார். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு வயது கூடிவிட்டது என்று சொல்லிவிட்டால்? செம்பாக்கம் ஏரிக்கரையில் ஓலைக்கொட்டகைப் பள்ளி ஒன்று இருந்தது. மழை வந்தால் அதற்கு லீவு. என் பெண் அங்கே போய், ஆங்கிலம் வராமல், யாரும் மதிக்காமல்... இப்படி நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டே போவேன்.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார்.

“அந்த ஸ்கூல் அம்மா ஒரு லேடீஸ் குழு வெச்சிருக்காங்கடி. சிட்டில இருக்கிற ஆர்ட் மியூசியத்துக்குப் பணம் சேத்துக் குடுக்கறாங்களாம். நீதான் டிகிரி படிச்சிருக்கியே, போய்ச் சேரு. அவங்க கண்ணுல பட்டுக்கிட்டே இரு. சீட்டு தன்னால வரும்.”

கலைக்கூடத்தின் நண்பர்கள் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். அதற்குத் தலைவி பள்ளியை நடத்தியவர்தான். எல்லோரும் அவரை மேடம் என்றே அழைத்தோம். முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, “பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன் மேடம், என்னால முடிஞ்சதைச் செய்யறேன்” என்றேன்.

“ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார் மேடம். “காபி டிகாக்‌ஷனை நீ பாத்துக்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். அதைப் பிரியமான சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, பட்டப்படிப்பைச் சொல்லியிருக்கக் கூடாதோ, தற்பெருமையாகப் பட்டிருக்குமோ என்று கவலைப்பட்டேன்.

குழு கண்காட்சி வைக்கும், விருந்து வைக்கும், பஸ் பிடித்துச் சுற்றுலா கூட்டிப்போகும். டிக்கெட் விற்ற பணம் கலைக்கூடத்துக்குப் போகும். முதல் சுற்றுலா கலைக்கூடத்துக்கேதான். ஒரு பெரிய ஓவியத்தின் முன் நின்று மேடம் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே, “நீ பின்னாடி நில்லும்மா. யாராவது படத்தைத் தொட்டுடப் போறாங்க” என்றார். அன்று முழுவதும் யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். மதியம் மரத்தடியில் அவர்கள் சாப்பிட்டு முடித்த தட்டுகளை அடுக்கினேன். பஸ்ஸில் திரும்பும்போது மேடம் என் மடியில் இருந்த மகளைக் காட்டி, “இவளுக்கு என்ன வயசு?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த ஜனவரியில் மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. உயிரோவியங்கள். ஆள் உயரத்துக்கு மரச்சட்டங்கள் செய்து, முன்னால் மெல்லிய கொசுவலைத் துணி கட்டி, உள்ளே ஆட்களை ஓவியத்தில் இருப்பதுபோல அசையாமல் நிறுத்துவது. விளக்குப் போட்டால் வரைந்த படம் மாதிரியே தெரியும். பள்ளி ஹாலில் வைத்து டிக்கெட் போட்டு விற்கலாம். கலைக்கூடத்தின் இயக்குநரே சிறப்பு விருந்தினர்.

முக்கியமான படம் யசோதை வெண்ணெய் கடையும் காட்சி. யசோதை குழுவின் பொருளாளர் அம்மாள். பானைக்குள் கைவிடும் கிருஷ்ணர் மேடத்தின் பேத்தி. ரோஜா நிறத்தில், பூனைக் கண்களோடு, பார்த்தால் எடுத்துக் கொஞ்சத் தோன்றும் குழந்தை. ஓரத்தில் விசிறி பிடித்து நிற்கும் வேலைக்காரச் சிறுமிக்கு ஆள் தேடினார்கள்.

மேடம் என் மகளின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“பர்ஃபெக்ட். மேக்கப் செலவே இல்ல.”

“கிருஷ்ணரே கறுப்புதானே மேடம்” என்று பொருளாளர் கிண்டலாகச் சொன்னார். “இவளைக் கிருஷ்ணராப் போட்டு, உங்க பேத்திக்கு விசிறியைக் குடுத்துடலாமே!”

“அது தெய்வீகக் கறுப்பு. இது வெயில் கறுப்பு” என்றார் மேடம். ஹால் முழுக்கச் சிரிப்பு. பிறகு என்னைப் பார்த்து, “தப்பா எடுத்துக்காதேம்மா. உன் பொண்ணுக்கு நம்ம மேடையில சான்ஸ். அட்மிஷன் நேரத்துல எனக்கும் ஞாபகம் இருக்கும் பாரு” என்றார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாமல் இருக்க மிகவும் முயன்றேன்.

ஒத்திகைகளில் என் மகள் அசையாமல் நின்றாள். மூன்றரை வயதில் அவ்வளவு அடங்கிய குழந்தையை நான் பார்த்ததில்லை. மற்ற அம்மாக்கள் அவளுக்கு ஒரு பாடம் வைத்திருந்தார்கள்.

“நீ யாரு?”

“வேலைக்காரப் பொண்ணு.”

“வேலைக்காரப் பொண்ணு அசையலாமா?”

“அசையக் கூடாது.”

பதில் சொன்னால் ஒரு பிஸ்கட். வீட்டில் அவள் பொம்மையை மடியில் வைத்து அதற்கும் இதையே சொல்லிக்கொடுத்தாள். என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு, “என்ன படிப்பும்மா இது?” என்று கேட்டார். “நாடகம்” என்றேன்.

விழா அன்று மாலை, ஒப்பனை அறையில் மேடத்தின் பேத்திக்கு நீல நிறம் பூசினார்கள். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைப் பவுடரோடு குழைத்து வைத்திருந்தார்கள்.

“மேடம், இது துணிக்குப் போடறது. குழந்தையோட தோலுக்கு...” என்று இழுத்தேன்.

“ஆரம்பிச்சுட்டாடி கெமிஸ்ட்ரி!” என்றார் பொருளாளர்.

கண் இமையில் பட்டதும் குழந்தை வீறிட்டது. ஹாலில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா இது! கொயந்த கண்ணு எரியுதுன்னு கத்திகினு கீது, நீங்க பாட்டுக்கு செவுத்துக்கு அடிக்கிற மாறி அடிச்சிகினு கீறீங்க?” என்றார். குழந்தை யாரிடமும் நிற்காமல் புரண்டது. மேடம் அவளை வாரி எடுத்துக்கொண்டு, தண்ணீர் விட்டுக் கழுவி, முத்தம் கொடுத்து, தன் மகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வெளியே நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மைக்கில், கிருஷ்ணராக நம் தலைவியின் பேத்தி என்று ஏற்கெனவே அறிவித்தாகிவிட்டது. மேடம் திரும்பினார். விசிறியோடு மூலையில் நின்ற என் மகளைப் பார்த்தார்.

“இவளை நீலமாக்குங்க. உயரம் ஒண்ணுதான். வலைக்குப் பின்னாடி யாருக்குத் தெரியப்போகுது?”

“நீலம் ஏறுமா மேடம் இதுக்கு?” என்றாள் பூசிக்கொண்டிருந்தவள்.

“ரெண்டு கோட் அடிங்க.”

என்னைக் கேட்கவில்லை. நான் அவசரமாகத் தேங்காய் எண்ணெய் தேடி எடுத்து அவள் முகத்திலும் இமைகளிலும் தடவினேன். அதற்குள் ஒருத்தி கைகளில் பூச ஆரம்பித்திருந்தாள். “எரியுதாம்மா?” என்று கேட்டேன். என் மகள் தலையைக்கூட ஆட்டவில்லை. அசையக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தாள்.

திரை விலகியது. நான் சட்டத்துக்குப் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பில்லாமல், பானை சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டது. எண்ணெயையும் மீறிக் கண் எரிந்திருக்க வேண்டும். அவள் கன்னத்தில் கோடாகக் கண்ணீர் இறங்கியது. நீலம் கரைந்து, அந்தக் கோட்டில் மட்டும் அவள் நிறம் தெரிந்தது.

இயக்குநர் மேடையேறி வலைக்கு அருகில் வந்தார். “அடடா! கிருஷ்ணர் கண்ணுல தண்ணி. என்ன ஒரு முகபாவம் பாருங்க!”

“என் பேத்தி சார்” என்றார் மேடம். “ரத்தத்துலயே கலை.”

வலையை ஒதுக்கிவிட்டு இயக்குநர் குனிந்தார். “கிருஷ்ணா, பாட்டி உனக்கு வெண்ணெய் தருவாங்களா?”

என் மகள் மேடத்தைப் பார்த்தாள். பிறகு, பிஸ்கட்டுக்குச் சொல்லும் அதே தெளிவான குரலில், “இவங்க என் பாட்டி இல்ல. நான் வேலைக்காரப் பொண்ணு” என்றாள்.

முன்வரிசை வரைக்கும் கேட்டது.

மேடம் சிரித்தார். அந்தச் சிரிப்பின் வேகத்தை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. “கண்டுபிடிச்சுட்டீங்க சார். பேத்திக்கு உடம்பு சரியில்ல. இது எங்க வீட்டு வேலைக்காரம்மா பொண்ணு. கலைக்கு ஏது சார் ஏழை, பணக்காரன்? அதான் நானே நிறுத்தினேன்.”

ஹாலில் கைதட்டல் எழுந்தது. யசோதைக்குக் கிடைத்ததைவிடப் பலத்த கைதட்டல். இயக்குநர் மைக்கைக் கேட்டு வாங்கி, இதுதான் உண்மையான கலைத்தொண்டு என்றார். பிறகு, “அந்தத் தாயார் எங்கே? அவங்களைக் கூப்பிடுங்க” என்றார்.

பொருளாளர் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். செருகிய முந்தானையை எடுத்துவிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. கையெல்லாம் நீலம். விளக்கு வெளிச்சத்தில் கூட்டம் தெரியவில்லை. குழுவில் இருந்த அத்தனை பெண்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நான் யார் என்று தெரியும். ஒருத்தியாவது எழுந்து சொல்லுவாள் என்று நினைத்தேன்.

இயக்குநர் தனக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். காது கேளாதவளிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: “பொண்ணைப் படிக்க வைக்கணும்மா. வீட்டு வேலைக்கு அனுப்பிடக் கூடாது. என்ன?”

நான் வாயைத் திறந்தேன். சொல்லவேண்டிய வாக்கியம் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது.

“அதெப்படி சார் விட்டுடுவோம்?” என்று மேடம் குறுக்கே வந்தார். என்னைப் பார்த்தபடியே மைக்கில் சொன்னார். “வர்ற ஜூன்ல நம்ம ஸ்கூல்ல இந்தக் குழந்தைக்கு எல்.கே.ஜி. சீட்டு. இலவசமா.”

சீட்டு என்ற சொல் ஹால் முழுக்கக் கேட்டது. என் வாய் தானாக மூடிக்கொண்டது. கும்பிட்டேன். கும்பிட்டது இயக்குநரையா மேடத்தையா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை.

வீட்டில் குளிப்பாட்டும்போது, “நான் அசைஞ்சேனாம்மா?” என்று கேட்டாள். “இல்லடா” என்றேன். “அப்ப பிஸ்கட் ஏன் தரல?”

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொன்னாடையைப் பிரித்துப் பார்த்து, மடித்து வைத்தார். “சீட்டு கிடைச்சுதில்ல? அப்புறம் என்ன உனக்கு?”

ஜூனில் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். நல்ல பட்டுப் புடவை கட்டிக்கொண்டேன். கைப்பையில் பணம் இருந்தது. “ஃபீஸ் கட்டிடறோம் மேடம். என் வீட்டுக்காரர் பேங்க்ல இருக்கார். உங்களுக்குத் தெரியுமே” என்றேன்.

“தெரியுமே” என்றார் மேடம். “ஆனா டைரக்டர் முன்னாடி சொல்லிட்டேன். ஸ்கூல் ட்ரஸ்ட்டுலயும் சொல்லியாச்சு. அவர் அடுத்த வருஷம் வந்து, அந்தக் குழந்தை எங்கேன்னு கேட்டா நான் யாரைக் காட்டறது? இலவசமா வந்தா உட்காரட்டும். காசு குடுத்துத்தான் படிப்பாள்னா, இடம் இல்லம்மா.”

பிறகு என் புடவையைப் பார்த்தார். “அவர் வர்ற அன்னிக்கு இதெல்லாம் கட்டிட்டு வராதே.”

அவள் உட்கார்ந்தாள். நன்றாகவும் படித்தாள். ஆனால் பெரிய மனிதர்கள் யார் வந்தாலும், இலவசமாகப் படிக்கும் குழந்தை என்று காட்ட வகுப்பில் அவளைத்தான் எழுந்து நிற்கச் சொல்வார்கள். யாரோ வருகிறார்கள் என்று டீச்சர் வாசல் பக்கம் பார்த்தாலே எழுந்துவிடுவாள் என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

நான் குழுவை விடவில்லை. விட்டால் சீட்டுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். அடுத்த வருடச் சுற்றுலா மகாபலிபுரத்துக்கு. பெருங்களத்தூர் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காக எல்லோரும் நின்றிருந்தோம். என் காலடியில் தண்ணீர் கேனும் சாப்பாட்டுக் கூடைகளும் இருந்தன. அன்றுதான் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு என் பக்கம் வந்தாள். மேடம் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, மேடம்கிட்ட நீங்க எத்தனை வருஷமா வேலை செய்றீங்க?”

குழுவில் வேலை என்று கேட்கிறாளா, வீட்டில் வேலை என்று கேட்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் காலடியில் இருந்த கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருஷமா” என்றேன்.

“உங்க பொண்ணுக்குக்கூட அந்த ஸ்கூல்லயே சீட்டு வாங்கிக் குடுத்தாங்களாமே?”

“ஆமா.”

“குடுத்து வெச்சவங்கக்கா நீங்க” என்று சொல்லி, பஸ் வந்துவிட்டதால் தன் குழந்தையின் ஈரத் துணியை என் கூடையில் போட்டுவிட்டு, சீட்டுப் பிடிக்க ஓடினாள்.