இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரு நாற்காலியும்

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் பத்தொன்பது வருடமாக ஒரே நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். பதிவேட்டில் ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு போட்டாள் என்று எந்த விரோதியும் சொன்னதில்லை. இன்னொரு பெருமையும் உண்டு: கேட்டதற்கு மேல் எதையும் தொடமாட்டாள். மேஜையில் குறுக்கே கிடக்கும் பேனாவை நகர்த்தக்கூட அதன் சொந்தக்காரரைத் தேடிப் போவாள். இந்த நல்ல குணம்தான் அவள் தலையில் கல்லைப் போட்டது.

கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதிவேட்டுல இருக்கிற வாடிக்கைக்காரங்க இருநூத்திப் பன்னெண்டு பேரையும் இதுல அட்டவணையா ஏத்தி, அகர வரிசையில அடுக்கிடுங்க அக்கா. முடியலேன்னா சொல்லிடுங்க. என் தங்கச்சி மருமக சும்மாதான் இருக்கா" என்றாள் முதலாளியம்மா.

அந்தத் தங்கச்சி மருமகளே பாடமும் எடுத்தாள், நகச்சாயம் காய்கிற நேரத்துக்குள். "ஒரு ஆளுக்கு ஒரு வரி. முதல் பத்தியில பேர், ரெண்டாவதுல போன், மூணாவதுல பவர். அவ்வளவுதான் பெரியம்மா."

பெரியம்மா! அக்கா அதையும் விழுங்கினாள். திரையின் மேலேயே ஸ்கேலை வைத்து, வரி தப்பாமல் மூன்று நாள் ஏற்றினாள். புதன்கிழமை, விசுவாசத்தை நிரூபிக்க, பழைய பதிவேட்டைத் தன் கையாலேயே பேப்பர்காரரின் சாக்கில் போட்டாள்.

வியாழன் காலை பெயர்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து, அடுக்கச் சொன்னாள். இயந்திரம் மரியாதையாகவே கேட்டது: பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளட்டுமா, தேர்ந்தெடுத்ததை மட்டுமா?

மட்டும்தான். அடுத்த பத்தியை நாம் ஏன் தொட வேண்டும்? பெயர்கள் அழகாக வரிசையில் நின்றன. சேமித்து மூடி, அச்சடித்து, லென்ஸ் தேய்ப்பவரிடம் அனுப்பினாள்.

மத்தியானம் அவர் காகிதத்தோடு வந்தார்.

"அக்கா, என் பேருக்கு நேரா மைனஸ் ஆறுன்னு போட்டிருக்கு. காலையில நான் கண்ணு தெரிஞ்சுதானே வந்தேன்?"

"உனக்கு மைனஸ் ஒண்ணேகால், தம்பி."

"உங்களுக்குத் தெரியுது, காகிதத்துக்குத் தெரியலையே! நாப்பது கண்ணாடிக்குப் பேர் ஒட்டி உறையில போட்டாச்சு."

அக்கா அட்டவணையைத் திறந்து பார்த்தாள். பெயர்கள் மட்டும் எழுந்து ஊர்வலம் போயிருக்கின்றன. போனும் பவரும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மைனஸ் ஒன்றேகால் என்றிருந்த வரிகள் நான்கு. ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது வரியின் எண்ணை அழுத்தியதும் தம்பியின் சட்டைப்பையே மணியடித்தது.

அப்படியானால் போனும் பவரும் இன்னும் ஜோடி பிரியவில்லை. பெயரைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாளியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவள் கத்தவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்" என்றாள். தங்கச்சி மருமகள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அக்காவின் நாற்காலியைக் கண்ணால் அளந்தாள்.

"கண்ணாடிக் கடையிலேர்ந்து பேசறேங்க. உங்க பேர் என்னங்க?"

"போன் பண்ணினது நீ, பேர் கேக்கறது என்கிட்டயா?"

ஒருவர் திருடி என்றார். ஒருவர் பெயர் தவிர மற்ற கதையெல்லாம் சொன்னார். தொண்டை கட்டியது. கிடைத்த பெயரை ஒவ்வொன்றாக அந்தந்த எண்ணுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

வெள்ளி மாலை இருநூற்று ஒன்பது பேர் தேறினார்கள். மூன்று பேர் போனை எடுக்கவேயில்லை.

"அந்த மூணு பேரும் கிடைக்கிற வரைக்கும் இந்த நாற்காலியில உக்காருங்க. அப்புறம் பாக்கலாம்" என்றாள் முதலாளியம்மா.

பெயர் ஒட்டாத மூன்று உறைகள் அக்காவின் இழுப்பறையில் இருக்கின்றன. தினமும் காலை அந்த மூன்று எண்களுக்கும் தவறாமல் அடிக்கிறாள். கடமை அல்லவா? யாராவது எடுத்துத் தொலைத்துவிடுவார்களோ என்று நெஞ்சு படபடக்க, மணி அடித்து ஓயும்வரை காத்திருக்கிறாள்.