கொஞ்சியது கட்டியா, கணவரா?

அந்த லிஃப்ட் மெக்கானிக்கின் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. பள்ளிச் சீருடை தைக்கிற அவர் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து கிடைத்த அதிகபட்சப் பாராட்டு ஒரு "ம்". அதற்கே அவள் பூரித்துப்போவாள், பாவம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஓய்வு பெறப்போகிற வயதில் திடீரென்று கொஞ்ச ஆரம்பித்தார். "உன் கையால வெறும் தண்ணி குடிச்சாலும் ருசியா இருக்கு" என்றார். அவள் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள். தையல் மெஷினுக்குப் பின்னால் நின்று பாடவும் செய்தார். காது கொடுத்துக் கேட்க முடியாது. ஆனாலும் நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

வினை வேலையிடத்தில் வந்தது. லிஃப்டில் ஏறிய பருமனான மேனேஜரிடம், "எட்டுப் பேருக்குத்தான் இடம். உங்களை ஒண்ணா எண்ணவா சார், ரெண்டாவா?" என்று கேட்டு வைத்தார். மறுவாரம் லிஃப்டின் மோட்டார் அறையைப் பூட்டாமல் திறந்து போட்டுவிட்டு வந்தார். காலையில் தலைவலி வேறு. கம்பெனி லீவில் அனுப்பியது. மகள் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு அவரை ஸ்கேனுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். "மூளையைச் சுத்தி ஒரு உறை இருக்கும்மா. கட்டி அதுலதான் வளர்ந்திருக்கு. இந்த வகை பெரும்பாலும் புற்றுநோயா இருக்காது, மெதுவாத்தான் வளரும். சின்னதா இருந்தா அப்பப்போ ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டே இருப்போம். இவருக்குப் பெருசாகி மூளையோட முன்பக்கத்தை அழுத்துது. எடுத்தாகணும்."

"அப்போ இந்தப் பாட்டு, கேலி எல்லாம்?" என்று கேட்டாள் மனைவி.

"அழுத்தத்தால இருக்கலாம். எடுத்தா பழையபடி ஆக வாய்ப்பு இருக்கு."

"எவ்வளவு பழையபடி, டாக்டர்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷன் பிழைத்து வரவேண்டும், சத்தியமாக வரவேண்டும். ஆனால் இத்தனை நாளும் ஒரு கட்டியிடமா வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்? நினைக்க நினைக்க அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எடுத்த கட்டியைச் சோதித்துப் புற்றுநோய் இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீடு வந்த மனுஷன் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டு போச்சு. சாப்பாடு எப்படி என்று கேட்டால், "ம்".

சில நாள் பொறுத்துப் பார்த்தவள், ஒரு மத்தியானம் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"இவ்வளவு நாள் ஆசையா பேசினது யாரு? நீங்களா, அந்தக் கட்டியா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது. "மனசுல எப்பவும் இருந்ததுதான். கூச்சம்தான் வாயைத் திறக்க விடல. கட்டி அந்தக் கூச்சத்தை அமுக்கிடுச்சு போல."

"அப்போ இப்ப ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம், கட்டி இல்லாம."

"தலை வலிக்குது" என்று நழுவினார். ஆகட்டும் என்று அவள் எழுந்தாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து முணுமுணுப்பு வந்தது.

"ஆபரேஷனுக்கு என்னை உள்ளே தள்ளிட்டுப் போறப்ப வாசல்ல அழுதுட்டு நின்ன. உன் மூஞ்சியைத் திரும்பப் பார்க்காம போயிடுவேனோன்னுதான் பயந்தேன்."

"என்ன? காதுல விழலையே" என்றாள். நன்றாகவே விழுந்திருந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னார்.