வாத்துக்கு ஒரு ஊசி

வாத்துக்காரரின் நாய் அவருடைய வாத்துகளையே கொன்ற காலையில் நான் வரப்பில் உட்கார்ந்து பழைய சோறு தின்றுகொண்டிருந்தேன். தாராசுரத்துக்குத் தெற்கே சம்பா அறுத்த வயல் அது. சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய எண்ணூறு வாத்துகளை இறக்கியிருந்தோம். எட்டாம் வகுப்போடு ஓடிப்போன நான் சூளை, ஓட்டல், லாரி என்று சுற்றி, நாற்பது வயதில் அந்த வாத்துக்காரரிடமும் நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியிடமும் கூலிக்கு நின்றேன்.

நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அன்று வாயில் எச்சில் நூலாகத் தொங்க, வாத்துகளை அடைத்திருந்த பட்டி வலைக்குள் பாய்ந்தது. தின்பதற்காகக் கடிக்கவில்லை. ஒன்றின் கழுத்தைக் கவ்வி உதறி எறிந்துவிட்டு அடுத்ததைப் பிடித்தது. வாத்துக்காரர் கம்போடு ஓடினார். அவருடைய வலது கையைக் கவ்விக்கொண்டு தொங்கியது. தாடையை விலக்க நான் மூங்கிலை நுழைத்தபோது அதன் நகம் என் கெண்டைக்காலில் கோடு போட்டது. அவர் மனைவி மண்வெட்டியால் அதன் மண்டையில் போட்டார். நாலாவது அடியில்தான் கால்கள் உதறுவது நின்றது.

"சோறு போட்ட கையாலயே வெட்ட வச்சிட்டியேடா" என்று செத்த நாயைத் திட்டினார் அக்கா.

ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சோப்புப் போட்டுக் காயங்களைக் கழுவி, இருவருக்கும் ஊசி போட்டார். வாத்துக்காரருடைய கடி ஆழம் என்பதால், காயத்துக்குள்ளேயே போடும் இன்னொரு மருந்துக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். "இன்னைக்கே போங்க. மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் இங்க வந்திடணும்."

வாத்துக்காரர் சீட்டையும் ஊசித் தேதி எழுதும் அட்டையையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வாத்துகளுக்குக் கழிச்சல் நோய் வராமல் வருஷம் தவறாமல் தடுப்பூசி போடுகிறவர் அவர். மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்கில் கொண்டுவந்து, ஒவ்வொரு வாத்தாக முழங்காலுக்கு நடுவே இடுக்கிக் குத்துவார். ஐஸ் உருகிவிட்டால் மருந்தைக் கொட்டிவிடுவார்.

"ஒரு வாத்துக்கு ஒரு ஊசி. வருஷம் தாங்குதுல்ல? எனக்கு மட்டும் நாலு எதுக்குடா?"

"வாத்தும் நீயும் ஒண்ணா? அது முட்டையாவது போடுது" என்றார் அக்கா.

மூவரும் சிரித்தோம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவர் போகவே இல்லை.

முட்டையைக் கடையில் கொடுக்க ஊருக்குள் போகிறவன் நான். கடைக்குப் பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்ததால் என் ஊசிகளைப் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் நர்ஸ் கேட்டார்: "கூட வந்தவரு எங்க?"

"வேற ஊருல போட்டுக்கிட்டாருங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் திட்டுவார், ஆள் அனுப்புவார், நான் அலைய வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

பட்டியை முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றினோம். நாலாவது ஊசியை அங்கே போட்டுக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து, ஆறிப்போன தழும்பில் எறும்பு ஊறுகிறது என்று அவர் சொறிந்தார். மறுநாள் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கியதும் தொண்டை இறுகி, சொம்பை வீசி எறிந்தார். அக்கா துண்டால் விசிறினார். அந்தக் காற்றுக்கே உடம்பு வில்லாக வளைந்தது. உதட்டைக் கடித்துக் கிழித்துக்கொண்டார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேனில் அமுக்கிப் பிடித்தபோது அவர் பல் அக்காவின் முன்கையில் இறங்கியது. நடுவில் சில நிமிடம் தெளிந்தார்.

"கட்டிப் போடுங்கடா. கடிச்சிடப் போறேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ நாலும் போட்டியா?"

"போட்டேண்ணே."

"அது போதும்" என்றார். அதற்குள் மறுபடி இழுத்தது.

"ஊசி போட்டாருங்களே" என்று பெரிய ஆஸ்பத்திரியில் அக்கா கேட்டதற்கு டாக்டர் விளக்கினார். "இந்தக் கிருமி ரத்தத்துல போறதில்லம்மா. கடிச்ச எடத்துச் சதையில பெருகி, நரம்பைப் புடிச்சு மெதுவா மூளைக்கு ஏறும். அது போய்ச் சேர்றதுக்குள்ள உடம்பு எதிர்ப்ப உண்டாக்கிடணும். அதுக்குத்தான் திரும்பத் திரும்ப ஊசி. மூளைக்குப் போயிட்டா எங்களால ஒண்ணும் முடியாது. அங்கேருந்து எச்சிலுக்கு எறங்கி, அடுத்த ஆளத் தேடும்."

வாய்க்கால் தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்கு வரும். இது கையில் புகுந்து தலைக்கு ஏறியிருக்கிறது. வாத்துக்கு நாங்கள் நோய் வருமுன் போடுகிறோம். அவருக்குப் போட்டபோது கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தது. அந்த வித்தியாசம் எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள், கட்டிலோடு கட்டிய துணிகள் அறுபட இழுத்து, நுரையும் ரத்தமுமாகச் செத்தார்.

எரித்துவிட்டு வந்த அன்று, அவருடைய சட்டைப்பையிலிருந்து அக்கா அட்டையை எடுத்தார். ஒரு கட்டத்தில் தேதி இருந்தது. மூன்று கட்டங்கள் காலி. நர்ஸிடம் நான் சொன்ன பொய்யை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அக்கா மண்வெட்டிக் காம்பை எடுத்து என் தோளில் போட்டார். ஒருமுறை இல்லை. நான் நகரவில்லை.

பிறகு கட்டுப்போட்ட தன் கையைக் காட்டினார். அவருக்குக் கடிவாயில் மருந்தும் முதல் ஊசியும் போட்டாகியிருந்தது.

"எனக்கு இன்னும் மூணு இருக்கு. ஒண்ணு தப்புனாலும் ஒன்னக் கொன்னுடுவேன்."

மூன்று முறையும் வண்டியில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப்போனேன். முதல் முறை, தோள் வீங்கி இருந்ததால் ஒரு கையால்தான் ஓட்டினேன். கடைசிக் கட்டத்தில் நர்ஸ் தேதி எழுதியதை இருவரும் குனிந்து பார்த்தோம். மறுநாள் நான் பையை எடுத்துக்கொண்டு சீர்காழிப் பக்கம் கிளம்பினேன். அக்கா தடுக்கவில்லை.