வாலாஜாபாத் பஸ்ஸில் ஒரு டிக் டிக் பெட்டி

மாதாமாதம் நடக்கும் வாலாஜாபாத் அறிவியல் கூட்டத்துக்குப் போக நினைக்கும் தோழிகளே, இந்த நோட்டைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுங்கள். இந்த மாதம் அணுத்துகள்களைக் கண்டறியும் கருவிகளைச் செய்யும் ஒரு பெண் விஞ்ஞானி பேசுவதாக நூலகத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். 1991 ஆகஸ்ட், இன்று சனிக்கிழமை. வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். இன்னொரு பொய் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவேன் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு ஒரு மணி நேர நடை. 12.40 பஸ் 1.25க்கு வந்தது. டிக்கெட் மூன்று ரூபாய். முன் சீட்டில் நரைத்த கொண்டை போட்ட ஓர் அம்மா, மடியில் தகரப் பெட்டியோடு இருந்தார்.

"பெட்டிக்கு லக்கேஜ் போடணும்மா," என்றார் கண்டக்டர்.

"மடியிலதானே வெச்சிருக்கேன்?"

"அந்த ஆட்டுக்குட்டியும் மடியிலதான் கீது. அதுக்கே போட்டாச்சு."

இந்தச் சண்டையில் பத்து நிமிடம் போனது.

ஒரகடத்தில் போலீஸ் சோதனை. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து டிபன் பாக்ஸைக்கூட விடுவதில்லை. கான்ஸ்டபிள் பெட்டியைத் திறந்தார்.

"இன்னாம்மா, உள்ள ஒரே ஒயரா கீது?"

"துகள் எண்ணுற கருவி. நானே செஞ்சது. இருபத்திரண்டு வருஷமா இதான் என் வேலை. முதல் கருவிய எலி கடிச்சுது. ரெண்டாவதுல கேஸ் கசிஞ்சுது. மூணாவது சுரங்கத்துக்குள்ள ஆறு வருஷம் எண்ணுச்சு. இது நாலாவது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிரூபிக்கிறேன் என்று சுவிட்சைப் போட்டார். டிக். டிக்டிக். பஸ்ஸே காலி! ஆட்டுக்குட்டிதான் முதலில் குதித்தது.

குண்டென்றே நினைத்த கான்ஸ்டபிள், பெட்டியைக் கைநீட்டிப் பிடித்தபடி, அதை முக்குவதற்குச் சாலையோரத் தண்ணீர் வாளியை நோக்கி நடந்தார். அந்த அம்மா ஓடிப்போய் வாளியை மறித்து நின்றார். "நனைஞ்சா போச்சுய்யா!" என்று கத்தினார்.

"சார், போடாதீங்க! வானத்துலேர்ந்து துகள் வந்துகினே இருக்கு. ஒண்ணு உள்ள போனா ஒரு டிக். புஸ்தகத்துல படிச்சிருக்கேன்," என்றேன். நான்தான், நம்புங்கள்.

"சாட்சி சொல்றியா? அப்போ பேரு, அப்பன் பேரு, வூடு எங்க? நாளைக்குக் காலைல விசாரிக்க வருவேன்."

பொய் விலாசம் வாய்வரை வந்தது. பெட்டி அவர் கையில் டிக் என்றது. உண்மையைச் சொன்னேன். எழுதிக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டி தப்பியது.

பேச வேண்டிய விஞ்ஞானியே அந்த அம்மாதான்; காத்திருந்த கூட்டம் கலைந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா வராந்தாவில் பெட்டியைத் திறந்து எனக்கு மட்டும் முழுதாக விளக்கினார். "அஞ்சாவது செய்ய ஆள் வேணும். படிச்சிட்டு வா," என்றார்.

போகிறவர்கள் 11 மணி பஸ்ஸைப் பிடியுங்கள். லக்கேஜுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள். நான் இனிமேல்தான் சொல்ல வேண்டும், கான்ஸ்டபிள் வருவதற்குள். திங்கட்கிழமை இந்த நோட்டு உங்கள் கைக்கு வந்தால், என் படிப்பு நிற்கவில்லை என்று அர்த்தம்.