வலது காது

காலை பத்து ஐந்துக்கு உள்ளே நுழைந்தோம். முதலில் கண்ணில் பட்டது, சிமெண்ட் மேடையில் பச்சை பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்த பழைய ரோடு ரோலர்.

சென்னையில் அந்த அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போகும் எண்ணமே எங்களுக்கு இல்லை. என் மனைவியின் தம்பி தருவைகுளத்தில் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவன். துபாயில் கப்பலின் அடிப்பகுதியை முங்கிப் பார்த்துச் சொல்லும் வேலைக்கு அவனை எடுத்திருந்தார்கள். மறுநாள் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால் விசா. துணைக்கு வந்த நான், சும்மா கிடந்த பகலைக் கழிக்க அவனை இங்கே அழைத்து வந்தேன்.

மனித உடலுக்கான கூடத்தில், காது எவ்வளவு கேட்கிறது என்று பார்க்கும் கருவி இருந்தது. ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தினால், முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் ஒலி வரும். கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். அவன் இடதுக்குத் தூக்கினான். வலதுக்குக் காத்து நின்றான்.

"இந்தப் பக்கம் வயர் போயிட்டு போல, அத்தான்."

வாங்கி நான் மாட்டினேன். இரண்டு பக்கமும் கேட்டது.

எங்கள் கரையில், முங்கும்போது காதில் ரத்தம் வந்தால் 'காது தெறந்துட்டு' என்பார்கள். அதன்பின் ஆழத்தில் வலிக்காது, ஆள் தொழிலுக்குத் தேறிவிட்டான் என்று கணக்கு. அவனுக்கு அது நடந்த அன்று என் மாமியார் வீட்டில் கோழி அடித்தார்கள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். காதை ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று அன்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை.

பக்கத்துச் சுவரில் செவிப்பறையின் படம். கிழிந்த செவிப்பறையோடு நீரில் மூழ்கக் கூடாது என்று கீழே எழுதியிருந்தது. அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தான்.

"இத எழுதுனவன் கடல்ல காலு நனைச்சிருக்க மாட்டான், அத்தான்."

நாளைக்கு டாக்டர் கேட்பார் என்றேன். கேட்கட்டுமே என்றான்.

மறுநாள் டாக்டர் கேட்பதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். அனுபவம் எவ்வளவு என்று விசாரித்தவரிடம், வலது காதைத் தொட்டுக் காட்டி, "நமக்கு எப்பவோ தெறந்துட்டு சார்," என்றான். குரலில் பெருமை இருந்தது. அவர் விளக்கை எடுத்து உள்ளே பார்த்தார். மற்ற பரிசோதனைகளுக்கு அவனை அனுப்பவில்லை.

ரயிலில் அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசினேன்.

திங்கட்கிழமை தருவைகுளத்திலிருந்து சங்குக்குப் போனான்.