பின்விளக்கு எரிகிறதா?

என் அக்காவின் கணவருக்கு மில் வாசலில், வேலை முடிந்து போகிறவர்களின் பையைத் துழாவுகிற வேலை. அதே கண்ணோடுதான் என் சைக்கிள் கடைக்கும் வருவார். இரவு ஷிப்டுக்கு மாற்றியதும், அக்காவையும் கூட்டிக்கொண்டு விளக்கு வாங்க வந்தார்.

வியாபார நேரத்தில் ஷட்டரை இழுத்துவிட்டு, இருட்டில் ஒவ்வொரு முன்விளக்காக எரித்துப் பார்த்தார். அட்டையில் ‘தண்ணீர் புகாது’ என்று போட்டிருந்ததை நம்பாமல், ஒன்றை என் குடிதண்ணீர்க் குடத்திலேயே முக்கினார். தண்ணீரைக் கொட்டிவிட்டுக் குடத்தைக் கழுவி வைத்தேன்.

சிவப்புப் பின்விளக்கில்தான் சிக்கல் வந்தது.

“ஓட்டும்போது இது எரியுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் தெருவில் ஓட்டிப் போக, அக்கா பின்னாலேயே நடந்து பார்த்துவிட்டு, “எரியுதுங்க” என்றாள்.

“உன் தம்பி கடைய நீ விட்டுக்கொடுப்பியா?”

மறுநாள் பார்த்தால், சிவப்பு விளக்கு ஹேண்டில்பாரில் அவர் முகத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது.

“மாமா, பின்னாடி வர்ற லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவன் கண்ண நம்பித்தான் நீ விளக்கு விக்கறியா?”