உடைத்ததும் உடையாததும்

எறும்பை யானையாய்க் காட்டும் எங்கள் நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர் நீங்கள்தான், ஐயா. பெயர் சொல்ல மாட்டேன். வாசித்தால் உங்களுக்கே விளங்கும்.

பொதுச் சாமானுக்குக் காவல் இருப்பது போல ஒரு பாழாய்ப்போன தொழில் வேறு இல்லை. உடைந்தால் ஏச்சு, உடையாவிட்டாலும் ஏச்சு. களஞ்சியப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தவர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கல்முனையில் பழைய போத்தலும் இரும்பும் வாங்கி விற்று ஆளானவன். எழுபதுகளின் கடைசியில், சூறாவளி கூரையைக் கொண்டுபோன ஒரு நெல் களஞ்சியத்துக்குத் தகரம் போட்டு, சிவஞானம் மாஸ்டர் சனிக்கிழமைகளில் இலவச விஞ்ஞானச் செய்முறை வகுப்புத் தொடங்கினார். மேலிடத்தில் இருந்து வருடாவருடம் நிதி வந்தது. சாமான் வாங்கவும் காக்கவும் பேரம் பேசத் தெரிந்த ஒருவன் வேண்டுமென்று என்னைப் பிடித்துப் போட்டார்.

கண்ணாடிக்கு அங்கால

ஒருநாள் இறக்காமத்தில் இருந்து டிரக்டர் பெட்டியில் ஏறிப் பிள்ளைகள் வந்தார்கள். அதில் றினோசா என்று ஒரு சின்னப் பிள்ளை. சோதனைக்குழாயை நீட்டினால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறாள். "புடி புள்ள, கடிக்காது" என்று அதட்டினேன். பிடித்தாள். அடுத்த நொடி அது தரையில் தூள். நான் போட்ட சத்தத்தில் தகரத்தின் மேல் இருந்த காகமெல்லாம் பறந்தன.

மாஸ்டர் என்னை வெளியே தள்ளிவிட்டு அவளிடம் இன்னொரு குழாயைக் கொடுத்தார். அப்பச்சோடாவில் தேசிக்காய்ப் புளி விழுந்து நுரை பொங்க, பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். முதலில் ஏன் அப்படிப் பயந்தாய் என்று பிறகு கேட்டேன்.

"எங்கட பள்ளிக்கூடத்துல இது கண்ணாடி அலுமாரிக்குள்ள பூட்டி இரிக்கி. உடைஞ்சா படிப்பிக்கிற சேர்ட சம்பளத்துல வெட்டுவாங்களாம், அதால அவரும் தொடமாட்டாரு."

சும்மா கிடைத்த போத்தல்

என் பொறுப்பில் ஒரு சாமான் குறைந்தது என்று எவனும் சொல்லக் கூடாது. அது எனக்கு மானப் பிரச்சினை. அதனால் உடைந்ததை மேலிடத்துக்கு எழுதவே மாட்டேன். கடை கடையாக ஏறி, கெஞ்சியும் சண்டை பிடித்தும் எண்ணிக்கையை நிரப்பி வைத்துவிடுவேன்.

உடைந்த துண்டுகளையும் எறிவதில்லை. போத்தல் வியாபாரி கண்ணாடியை எறிவானா? ஒவ்வொன்றையும் கடதாசியில் சுற்றி, எந்தப் பாடசாலைப் பிள்ளை எதை உடைத்தது என்று எழுதி ஒரு சாக்கில் போட்டு வைத்தேன். என்றைக்காவது அந்தப் பாடசாலைகளின் அதிபர்மாரைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்கவேண்டும் என்ற கறுவம்தான், வேறொன்றுமில்லை.

ஒருமுறை டிஸ்பென்சரியில் வெறும் மருந்துப் போத்தல்களை எறியப் போனார்கள். எனக்குத் தரச் சொன்னேன். "எடுங்க" என்றார் கம்பவுண்டர். கழுவித் தரவேண்டும் என்றேன். அதற்கும் சரி என்றார். மூடியும் வேண்டும், அடுக்கிக் கொண்டுபோக ஒரு பெட்டியும் வேண்டும் என்று நின்றேன். ஊரில் எல்லாருக்கும் நான் 'காக்கா', அதாவது அண்ணன். மனிசன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காக்கா, சும்மா தாறதுக்கும் பேரம் பேசிற ஆள நான் இண்டைக்கித்தான் காணுறன்."

உடைந்தவை: ஒன்றுமில்லை

வருடக் கடைசியில் ஒரு படிவம் வரும். அதில் 'உடைந்தவை' என்ற இடத்தில் நான் 'ஒன்றுமில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதுவேன். அப்படியே வருடங்கள் ஓடின. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, சாமான் பார்க்க மேலிடத்தில் இருந்து நீங்கள் வந்தீர்கள், ஐயா. பிள்ளைகள் வருவது சனிக்கிழமை. நீங்கள் எண்ணிப் பார்த்தீர்கள், ஒன்றும் குறையவில்லை. நான் தேத்தண்ணி தந்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். மாஸ்டர் பிள்ளைகளின் வரவுப் புத்தகத்தைக் காட்டினார். "வரவை ஆரும் எழுதலாம்" என்றீர்கள். இருந்த ஒரே நுணுக்குக்காட்டியை, பாவிக்கிற இடத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று வாகனத்தில் ஏற்றினீர்கள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. சாமான்கள் பாவனையில் இல்லையாம், ஒருவரும் தொடாத சாமானுக்கு நிதி தரச் சட்டமில்லையாம், அடுத்த மாதத்தோடு நிதி நிற்குமாம். "நாம என்ன கள்ளனா?" என்று நான் குதித்தேன். மாஸ்டர் என் பழைய படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"காக்கா, இத்தின வருசமா ஒரு குழாயும் உடையல்லெண்டு எழுதினா, இத்தின வருசமா ஒரு புள்ளையும் வரல்லெண்டுதான் அவங்க வாசிப்பாங்க."

மேசைக்கு மேல் சாக்கு

அப்போதுதான் சாக்கு நினைவுக்கு வந்தது. விடிந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். உங்கள் காரியாலயத்தில் ஒருவரையும் கேட்கவில்லை. நேரே வந்து உங்கள் மேசையில் கொட்டினேன். பியோன் ஓடிவந்து என் கையைப் பிடித்தான். "உடுடா" என்று உதறினேன்.

நீங்கள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தீர்கள், பிறகு இன்னொன்றை. என் கோணல் எழுத்தைச் சத்தமாக வாசித்தீர்கள்: "கோமாரி, குடுவை ஒண்டு. பொத்துவில், குழாய் மூண்டு, மூண்டும் ஒரே பொடியன்." எல்லாவற்றையும் பார்த்து முடிய வெகுநேரம் ஆனது. நான் ஏசுவதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன். எல்லாம் வீணாய்ப் போயிற்று. நிதி தொடரும் என்று அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். கல்முனை வரை நின்றுகொண்டே வந்தேன், கால் நோகவில்லை. நீங்கள் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இத ஏன் காக்கா ஒளிச்சி வெச்சீங்க? இதத்தானே நான் தேடி வந்தன்."

அடுத்த சனிக்கிழமை

களஞ்சியம் நிறையப் பிள்ளைகள். மூலையில் 'சிலீர்' என்று ஒரு சத்தம். அத்தனை பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். நான் புத்தகத்தை விரித்து, 'குடுவை ஒன்று உடைந்தது' என்று எழுதிக் கீழே ஒரு கோடும் இழுத்தேன். நெஞ்சுக்குள் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். பெரிய வகுப்புக்கு வந்துவிட்ட றினோசா கிட்ட வந்து என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்ன காக்கா, ஏசல்லயா? உடம்புக்கு ஏதும் சுகமில்லயா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை, ஐயா. மனத்தில்தான் ஒரு குறை. சாக்கைக் கொட்டிய அன்றே கண்டேன், எங்கள் நுணுக்குக்காட்டி உங்கள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டோடு இருந்ததை. கேட்டதற்கு, "பதிவு முடியட்டும்" என்றீர்கள். மழைக்காலமும் போய்விட்டது.

ஒருவரும் தொடாத சாமானுக்கு நிதி இல்லை என்ற சட்டம் உங்கள் அலுமாரிக்கும் உண்டுதானே, நுணுக்குக்காட்டியை உடனே அனுப்பிவையுங்கள்: எங்கள் பிள்ளைகள் முறைப்படி உடைப்பார்கள், நான் முறைப்படி எழுதி அனுப்புகிறேன்.